நடுவில் இருந்த 61 ஏடுகள்

ஓலைச்சுவடிக்கு அட்டை கிடையாது, முதுகில் தலைப்பும் கிடையாது. மேலும் கீழும் இரண்டு மரச்சட்டம், நடுவில் துளை, துளைக்குள் ஒரு கயிறு. சுவடி வைத்திருந்தவர்கள் ஒரே அளவாக நறுக்கிய ஏடுகளை ஒன்றாகக் கோத்துக் கட்டிவிடுவார்கள். மருத்துவ ஏட்டுக்கு அடுத்து ஜோதிடம் வரும், ஜோதிடத்துக்கு அடுத்து தோத்திரம் வரும். கட்டின் முதல் நூல் எதுவோ அதுவே கட்டுக்குப் பெயராகிவிடும். நடுவில் இருப்பதைக் கயிற்றை அவிழ்த்து, ஏட்டை ஒவ்வொன்றாகத் தள்ளி, மங்கிய கீறல்களில் மை தடவி வாசிக்கிறவர் மட்டுமே அறிவார்.

1916-இல் திருவனந்தபுரத்தில் அப்படி ஒருவர் வாசித்தார். பரம்பரையாக வந்த ஒரு தனியார் நூலகத்தில் பண்டிதர் என். ராமசுவாமி சாஸ்திரி ஒரு கட்டை அவிழ்த்தார். முன்னால் ஒரு நூல், பின்னால் ஒரு நூல். இரண்டுக்கும் நடுவில் இரண்டோடும் சம்பந்தமில்லாத 61 ஏடுகள். வடமொழிச் செய்யுள்கள், ஏறத்தாழ ஐந்நூறு. சில ஏடுகள் சிதைந்திருந்தன. சில இடங்களில் பாட்டு பாதியில் நின்றது. ஒன்பது சருக்கம் இருந்தது. ஒரு சருக்கம் காணாமல் போயிருக்க வேண்டும் என்று பின்னால் பதிப்பித்தவர்கள் கணித்தார்கள். நூலின் பெயர் ‘மதுரா விஜயம்’. ‘வீரகம்பராய சரிதம்’ என்றும் சொல்வார்கள். விஜயநகரத்து இளவரசர் குமார கம்பணர் படையோடு தெற்கே வந்து மதுரைச் சுல்தானை வென்ற கதை. எழுதியவர் அவருடைய மனைவி கங்காதேவி.

மதுரையைப் பற்றிய நூல் இது. இதை எழுதியவர் தெலுங்கு நாட்டுக் கவி திக்கனாவையும் நூலின் தொடக்கத்தில் போற்றுகிறார். எழுதிய மொழி வடமொழி. கிடைத்தது மலையாள நாட்டில். ஐந்நூறு ஆண்டுக்கு மேலாக மதுரைக்காரர் யாருக்கும் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு மதுரை வரலாறு பாண்டியரிடமிருந்து ஒரே தாவலில் நாயக்கரிடம் போய்விட்டது. நடுவில் வந்த சுல்தான்களின் ஐம்பது வருடத்தை யாரும் விளக்கவில்லை. பிறகு தேடிப் படித்தபோது தெரிந்தது, தமிழ்நாட்டு வரலாற்றிலேயே அதிகம் பேர், அதிக மொழிகளில், ஒருவரையொருவர் அறியாமல் எழுதிவைத்த ஐம்பது வருடங்களில் அதுவும் ஒன்று என்று. கங்காதேவியின் நூல் ஏன் பிறந்தது என்று புரிய வேண்டுமானால் அந்த மற்றவர்களையும் கூடவே வாசிக்க வேண்டும்.

கதையின் தொடக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணைக்காக அடித்துக்கொண்டிருந்தபோது, 1311-இல் அலாவுதீன் கில்ஜியின் தளபதி மாலிக் காபூர் மதுரைக்குள் நுழைந்தார். யானைகளும் குதிரைகளும் பொன்னும் வடக்கே போயின. எத்தனை யானை? 512 என்கிறார் அமீர் குஸ்ரு. 612 என்கிறார் பரணி. இருவருமே டெல்லிக்காரர்கள்தான், இருந்தும் நூறு யானை இடிக்கிறது. மாபார் என்று அவர்கள் அழைத்த நம் கிழக்குக் கடற்கரை நாடு 1323-இல் துக்ளக் ஆட்சிக்குக் கீழே வந்தது. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, மாபாரின் ஆளுநராக இருந்த ஜலாலுதீன் அசன் ஷா டெல்லியை உதறிவிட்டு மதுரையில் தன் பெயரில் காசு அடித்தார். அதுதான் மதுரைச் சுல்தானகம். அசன் ஷா கொல்லப்பட்டார். அடுத்து வந்தவர் போர்க்களத்தில் அம்பு பட்டு இறந்தார். அதற்கடுத்தவர் நாற்பது நாளில் கொலையுண்டார். நான்காவதாக வந்தவர் கியாசுதீன் தாமகானி.

இனிமேல்தான் நின்று பார்க்க வேண்டிய இடம்.

போசள அரசர் மூன்றாம் வீர வல்லாளர் அப்போது திருவண்ணாமலையில் இருந்துகொண்டு தெற்கை மீட்கப் போராடிக்கொண்டிருந்தார். வயது எண்பது. சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூர்க் கொப்பம் ஒரு காலத்தில் அவருடைய முன்னோர் சோமேசுவரன் ஆண்ட தலைநகர். இப்போது அது மதுரைச் சுல்தானின் கோட்டை. வல்லாளர் அதை மாதக்கணக்கில் முற்றுகையிட்டார். உள்ளே பதினான்கு நாளுக்கு மட்டுமே தானியம் மிஞ்சியது. கோட்டையை விட்டுவிட்டுப் போங்கள், விட்டுவிடுகிறேன் என்றார் வல்லாளர். எங்கள் சுல்தானைக் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள் உள்ளே இருந்தவர்கள். வல்லாளரும் அதற்கு அவகாசம் கொடுத்தார். கடிதம் மதுரைக்குப் போனது. வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கூடியவர்கள் அதைக் கேட்டு அழுதார்கள். தலைப்பாகையை அவிழ்த்துக் குதிரையின் கழுத்தில் கட்டிக்கொண்டார்கள். சாகத் துணிந்துவிட்டோம் என்பதற்கு அது அடையாளம். ஆறாயிரம் பேர் புறப்பட்டார்கள். அவர்கள் வந்து சேர்ந்தது உச்சி வெயில் நேரம். வல்லாளரின் பாசறை உறங்கிக்கொண்டிருந்தது, குதிரைகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. முதலில் பார்த்தவர்கள் திருடர்கள் வந்திருக்கிறார்கள் என்றே நினைத்தார்கள்.

வல்லாளர் பிடிபட்டார். சுல்தான் முதலில் மரியாதையாக நடத்தி, விடுவிப்பதாகச் சொல்லி, யானை, குதிரை, செல்வம் அனைத்தையும் வாங்கிக்கொண்டார். பிறகு கொன்று, தோலை உரித்து, வைக்கோல் அடைத்து, மதுரை மதிலில் தொங்கவிட்டார்.

இத்தனை விவரத்தையும் எழுதியவர் வல்லாளரின் ஆள் இல்லை. தோற்ற தரப்பில் இதை எழுத யாரும் மிச்சமில்லை. 1342-இல் துருக்கரோடு பொருது சிராப்பள்ளியில் இறந்தார் என்று கன்னடக் கல்வெட்டு ஒன்று செப்டம்பர் மாதத் தேதியோடு சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. அத்தனை விவரத்தையும் எழுதியவர் சுல்தானின் உறவினர். மொராக்கோவின் தாஞ்சியரில் பிறந்து உலகம் சுற்றிய இபின் பதூதா. அசன் ஷாவின் ஒரு மகளை இவர் டெல்லியில் மணந்திருந்தார். இன்னொரு மகள் கியாசுதீனின் மனைவி. ஆக இருவரும் சகலைகள். இலங்கையிலிருந்து கப்பலேறி, புயலில் சிக்கி, மாபார்க் கரையில் ஒதுங்கிய இபின் பதூதாவைச் சகலையின் ஆட்கள் பாசறைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே அவர் கண்டதை எழுதியிருக்கிறார். காட்டில் பிடித்த கைதிகளின் தோளிலேயே கூர்சீவிய கழுமரத்தைச் சுமத்தி நடத்திவருவார்கள். மறுநாள் காலை பாசறையின் நான்கு வாசலிலும் அவர்களை அதே மரத்தில் ஏற்றுவார்கள். பெண்களையும் விடவில்லை, குழந்தைகளையும் விடவில்லை. இபின் பதூதா மார்க்கச் சட்டம் படித்தவர், நீதிபதியாக இருந்தவர். இப்படி ஒரு அரசன் செய்து நான் எங்கும் பார்த்ததில்லை, இதனால்தான் இறைவன் இவன் முடிவை விரைவுபடுத்தினான் என்று தன் சகலையைப் பற்றியே சொல்லிவைக்கிறார்.

இந்த இடம் எனக்கு முக்கியம். எதிரி எழுதியிருந்தால் மிகைப்படுத்தியிருப்பான் என்று ஒதுக்கிவிடலாம். விருந்தாளியாகப் போனவர், உறவுக்காரர், அதே மதத்தவர், தலையைத் திருப்பிக்கொண்டேன் என்று சொல்வதை எப்படி ஒதுக்குவது? இன்னொன்றையும் அவர் மறைக்கவில்லை. வல்லாளரின் படையில் இருபதாயிரம் முஸ்லிம்கள் இருந்தார்கள் என்கிறார். ஓடிவந்த அடிமைகள், குற்றவாளிகள் என்று அவர்களை இகழ்ந்தாலும் இருந்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறார். கண்ணனூர்ப் போரை இரண்டு மதங்களின் நேர்க்கோட்டுச் சண்டையாகச் சொல்கிறவர்கள் இந்த ஒரு வரியைத் தாண்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

இபின் பதூதா எல்லாவற்றிலும் சரியாக எழுதினார் என்று சொல்ல வரவில்லை. மதுரை பெரிய ஊர், அகலமான தெருக்கள் என்று வியக்கிறார். வியந்துவிட்டு, இதைத் தலைநகராக்கி டெல்லி மாதிரி அமைத்தவர் என் மாமனார் என்கிறார். ஆவணி மூல வீதிக்கும் மாசி வீதிக்கும் பழக்கப்பட்ட நமக்கு அதை ஏற்க முடியாது. மாமனார் வீட்டுப் பெருமை அவர் கண்ணை மறைத்துவிட்டது. அவர் வந்த சமயத்தில் ஊரில் கொள்ளைநோய். காய்ச்சல் கண்டவர்கள் இரண்டு மூன்று நாளில் செத்தார்கள். சுல்தானின் மகன் போனான், கடைசியில் சுல்தானும் போனார். இபின் பதூதாவுக்கும் காய்ச்சல் வந்தது, பிழைக்க மாட்டோம் என்றே நினைத்துவிட்டார். இந்த ஊரில் புளி ஏராளம், ஒரு ராத்தல் அளவு எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன், மூன்று நாள் வயிறு போனது, பிழைத்தேன் என்று எழுதுகிறார். கற்பனையாக எழுதுகிறவனுக்குப் புளி தோன்றாது. அவர் இங்கே வந்து படுத்துக் கிடந்தார் என்பதற்கு அந்தப் புளிக்கரைசலே போதும்.

இதெல்லாம் மதுரையில் எழுதப்பட்டதில்லை. ஊர் திரும்பிய பிறகு, மொராக்கோவின் ஃபெஸ் நகரத்தில், அந்நாட்டுச் சுல்தானின் ஆணைப்படி, அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல இபின் ஜுசய் என்ற புலவர் எழுதி, 1355-இல் முடித்தார். அதன் சுவடிகள் வட ஆப்பிரிக்காவில் கிடந்து, பாரிஸ் நகரத்தில் 1853-க்கும் 1858-க்கும் இடையில் முழுதாக அச்சேறிய பிறகுதான் மதுரைக்கு நடந்தது முழு விவரத்தோடு உலகத்துக்குத் தெரிய வந்தது.

அவர் மனைவியைப் பற்றியும் ஒரு குறிப்பு உண்டு. பெயர் ஹூர்நசப். இரவில் எழுந்து தொழுகிற நல்ல பெண், எனக்கு ஒரு மகளைப் பெற்றுக்கொடுத்தாள், இருவரும் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது என்கிறார். அவளுக்கு வாசிக்கத் தெரியும், எழுதத் தெரியாது என்றும் சொல்கிறார். மதுரையை ஆண்ட முதல் சுல்தானின் மகள். அவளுக்கு எழுதத் தெரிந்திருந்தால் அந்தக் குடும்பத்தின் கதையை உள்ளிருந்தே ஒருவர் சொல்லியிருக்கலாம்.

தோற்ற தரப்பில் எழுத யாருமில்லை என்றேன். ஆனால் மறக்காமல் இருந்தவர்கள் உண்டு. திருவண்ணாமலையில் ஒவ்வொரு தைப்பூசத்தன்றும் அருணாசலேசுவரர் ஈசான்ய குளத்தில் தீர்த்தவாரி முடித்து நிற்கும்போது, வல்லாள மகாராஜா போரில் இறந்துவிட்டார் என்ற செய்தி அவருக்குச் சொல்லப்படும். வரும்போது மேளதாளத்தோடு வந்த சாமி, திரும்பும்போது மேளம் இல்லாமல் போவார். அடுத்து மாசி மகத்தன்று பள்ளிகொண்டாபட்டு கிராமத்துக்குப் போய் ஆற்றங்கரையில் மன்னருக்குத் திதி கொடுப்பார். பிள்ளையில்லாத வல்லாளனுக்கு ஈசனே பிள்ளையானார் என்பது அருணாசல புராணம் சொல்லும் கதை. பிள்ளை என்றால் கொள்ளி வைக்க வேண்டும், திதி கொடுக்க வேண்டும். ஊர் அந்தக் கடமையை இன்றுவரை சாமியைச் செய்யவைக்கிறது. கல்வெட்டு செப்டம்பர் என்கிறது, கோயில் தை என்கிறது. தேதியைக் கேட்கிறவர் கல்வெட்டிடம் போகட்டும். எண்பது வயதில் மதிலில் தொங்கவிடப்பட்ட ஒரு கிழவரை ஓர் ஊர் எப்படி மனதில் வைத்துக்கொண்டது என்று கேட்கிறவர், மேளம் நின்றுபோன அந்தத் திரும்புநடையைப் பார்க்க வேண்டும்.

கங்காதேவிக்கு வருவதற்கு முன் கடல் தாண்டி ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வரலாம். இருவரையும் அடுத்தடுத்து வைத்தால் ஒருவர் மற்றவரை விளக்குகிறார்.

கான்ஸ்டான்டிநோபிள், இன்றைய இஸ்தான்புல். அங்கே 1081 முதல் ஆண்டவர் பைசாந்தியப் பேரரசர் அலெக்சியோஸ் கொம்னேனோஸ். துருக்கரை எதிர்க்க மேற்கிலிருந்து கொஞ்சம் கூலிப்படை கிடைக்குமா என்று கேட்டார். 1096-இல் வந்ததோ ஜெருசலேமை மீட்கப் புறப்பட்ட சிலுவைப் போர்ப் பெரும்படை. ஊருக்குள் விட்டால் ஆபத்து, விரட்டினாலும் ஆபத்து. பழைய பேரரசு நகரங்களை மீட்டால் என்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தலைவர்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு வழியனுப்பினார். 1098-இல் அந்தியோக்கியா விழுந்தது. பொகமண்ட் என்ற நார்மானியத் தலைவன் அதைத் தனக்கே வைத்துக்கொண்டான். உதவிக்குப் படையோடு வந்துகொண்டிருந்த பேரரசர், அங்கே எல்லாம் முடிந்துவிட்டது என்று தப்பி வந்தவர்கள் சொன்னதை நம்பிப் பாதிவழியில் திரும்பிவிட்டார். அதிலிருந்து இரண்டு வரலாறு பிறந்தது. பொகமண்டின் படையில் இருந்த பெயர் தெரியாத ஒருவர் எழுதிய இலத்தீன் நூலில் அலெக்சியோஸ் வஞ்சகர். அவருடைய மகள் அன்னா கொம்னேனா எழுதிய கிரேக்க நூலில் சத்தியம் மீறியவர்கள் இலத்தீன்காரர்கள்.

அந்தச் சரித்திரத்தை முதலில் எழுதத் தொடங்கியவர் அன்னாவின் கணவர். பாதியில் இறந்துபோனார். அரண்மனையை விட்டு விலகி மடத்தோடு ஒதுங்கியிருந்த அன்னா, அறுபது வயதை நெருங்கும் அல்லது தாண்டிய நிலையில், 1140-களில் பதினைந்து பகுதிகளாக ‘அலெக்சியாத்’ நூலை எழுதினார். தந்தைக்காக வாதாடும் நூல்தான், மறைக்கவில்லை. ஆனால் பொகமண்டைப் பற்றி எழுதும் இடத்தில் பேனா வேறு மாதிரி ஓடுகிறது. உயரம், தோளின் அகலம், பார்வை, பயமும் வசீகரமும் கலந்த அந்தத் தோற்றம் எல்லாவற்றையும் நின்று நிதானமாக வரைகிறார். அவனை அவர் பார்த்தபோது வயது பதின்மூன்று. ஏறத்தாழ ஐம்பது வருடம் கழித்தும், தந்தையின் பெரிய எதிரி அவன் என்று தெரிந்தும், கண்ணில் பட்டதை மாற்றி எழுத அவரால் முடியவில்லை. பின்னால் வந்த வரலாற்று ஆசிரியர் கிப்பன், இது ஒரு பெண்ணின் பகட்டு என்கிற தொனியில் எழுதினார். போர்க்கள விவரமெல்லாம் கணவருடைய குறிப்பாக இருக்கும் என்று சென்ற நூற்றாண்டின் இறுதியில்கூட ஓர் அறிஞர் வாதிட்டார். பெண் போரைப் பற்றி எழுதினால் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்பது எல்லா நாட்டிலும் இருக்கிறது.

இப்போது கங்காதேவி.

விஜயநகர அரசர் புக்கரின் மகன் கம்பணர் முதலில் தொண்டை நாட்டுச் சம்புவராயரை வென்றார். அது 1360-களின் தொடக்கம், இடம் படைவீட்டை ஒட்டிய இராஜகம்பீர மலை. பிறகு காஞ்சியில் தங்கினார். அங்கே ஒரு நாள் முன்பின் தெரியாத ஒரு பெண் அவர் முன்னால் வந்து நிற்பதாகக் காவியம் சொல்கிறது. அவள் தெற்கின் நிலையைச் சொல்கிறாள். இந்த இடத்தில்தான் கங்காதேவி பெரிய கவியாகிறார். தில்லைக்குப் புலியூர் என்றொரு பெயர் உண்டல்லவா, இப்போது அங்கே உண்மையாகவே புலி திரிகிறது என்கிறாள் அந்தப் பெண். திருவரங்கத்தில் விமானத்துச் செங்கல் உதிர்ந்து பள்ளிகொண்டவர் மேல் விழாமல் ஆதிசேடனின் படம் தடுத்துக்கொண்டிருக்கிறதாம். கரை காப்பார் இல்லாததால் காவிரி நினைத்த திசையில் ஓடுகிறதாம். கோயில் கதவைச் செல் அரித்துவிட்டது, மத்தளம் கேட்ட மண்டபத்தில் நரி ஊளையிடுகிறது. மதுரையைச் சுற்றியிருந்த தென்னந்தோப்பை வெட்டிவிட்டார்கள். தென்னை நின்ற இடத்தில் மனிதத் தலை கோத்த கழுமரம் நிற்கிறது.

கழுமரம் என்று வரும்போது எனக்கு இபின் பதூதாவின் பாசறை வாசல் நினைவுக்கு வருகிறது. ஒருவர் அரபு மொழியில் ஃபெஸ் நகரத்தில் சொன்னவர். இன்னொருவர் வடமொழியில் விஜயநகரத்து அரசவைக்காக எழுதியவர். ஒருவர் நூலை மற்றவர் கண்டிருக்க வழியே இல்லை. காவியத்தில் நரியும் புலியும் வருவது மரபு, அதை அப்படியே சாட்சியாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கழுமரம் அப்படி இல்லை. ஒன்றையொன்று அறியாத இரண்டு பேர் ஒரே பொருளைச் சுட்டுகிறார்கள்.

அந்தப் பெண் கம்பணரிடம் ஒரு வாளைக் கொடுக்கிறாள். பாண்டியரிடம் வழிவழியாக இருந்த தெய்வ வாள், அதைப் பிடிக்க இப்போது பாண்டியரில் ஆள் இல்லை. கம்பணர் மதுரைக்கு வருகிறார், சுல்தானை நேருக்கு நேர் பார்க்கிறார். சோழ பாண்டியரைப் பணியவைத்தவன், வல்லாளனின் செல்வக்கொடியை வெட்டிய கோடரி என்று சுல்தானை அறிமுகப்படுத்துகிறார் கங்காதேவி. பார்த்ததும் கம்பணருக்கு மகிழ்ச்சி, போரிடத் தகுதியான ஒருவன் கிடைத்தான் என்று. கங்காதேவி தன் கணவரின் எதிரியைக் கோழையாக ஆக்கவில்லை. திருவண்ணாமலையில் சாமி இன்றும் திதி கொடுக்கும் அந்தக் கிழவரின் பெயரும் அவர் காவியத்தில் ஒரு கணம் தலைகாட்டுகிறது.

ஆனால் கங்காதேவி நமக்கு இரண்டைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அந்தச் சுல்தானின் பெயர் என்ன, நடந்தது எந்த ஆண்டு? வரலாற்று ஆசிரியர்கள் நூறு வருடமாக இதோடு மல்லுக்கட்டுகிறார்கள். கம்பணரின் தளபதி கோபணாரியர் திருவரங்கத்துக்கு அரங்கனைத் திரும்பக் கொண்டுவந்தது 1371 என்று அங்கேயுள்ள கல்வெட்டு சொல்கிறது. 1323-இல் ஊரை விட்டுப் புறப்பட்ட அரங்கன் திருப்பதி வரை அலைந்து திரும்பிய கதையைத் திருவரங்கக் கோயிலின் வரலாற்று நூலான கோயிலொழுகு விரிவாகச் சொல்கிறது. இடையில் 48 ஆண்டு. மீனாட்சி கோயில் மரபும் 48 ஆண்டு என்றே கணக்கு வைத்திருக்கிறது. கருவறையை மூடிச் சுவர் எழுப்பியிருந்தார்கள், திறந்தபோது உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பூ வாடவில்லை என்பார்கள். அப்படியானால் 1371-இல் முடிந்துவிட்டதா? இல்லை என்கின்றன காசுகள். மதுரைச் சுல்தான்களின் செப்புக்காசுகள் 1377-78 வரை கிடைக்கின்றன, கடைசிப் பெயர் சிக்கந்தர் ஷா. அப்படியென்றால் கங்காதேவியின் காவியத்தில் விழுந்தவர் கடைசிச் சுல்தான் அல்லர். அவருக்குப் பிறகும் ஒருவர் எங்கோ சிறிதளவு நிலத்தை வைத்துக்கொண்டு தன் பெயரைக் காசில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். திருப்பரங்குன்றம் மலைமேல் உள்ள தர்காவை அந்தச் சிக்கந்தரோடு சேர்த்துச் சொல்வது நீண்ட நாள் வழக்கம்.

டெல்லியிலும் ஒரு பதிவு இருக்கிறது. ஃபிரோஸ் ஷாவின் வரலாற்றை எழுதிய அஃபீஃப், மாபாரிலிருந்து உதவி கேட்டு வந்தவர்களைப் பற்றிச் சொல்கிறார். அவர்களுடைய ஆட்சியாளன் பெண்களைப் போல நகை அணிந்து நடந்துகொண்டதால் அண்டை அரசன் புக்கன் வந்து நாட்டைப் பிடித்தான் என்கிறார். மதுரைச் சுல்தானைக் கேலி செய்கிறவர் டெல்லிச் சுல்தானின் வரலாற்று ஆசிரியர். வீரன் என்று எழுதியவரோ அவரைக் கொன்றவரின் மனைவி. யார் எதை எழுதுவார்கள் என்று மதத்தை வைத்து முன்கூட்டியே முடிவு செய்கிறவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

தமிழில்? நம் மொழியில் அப்போதே எழுதப்பட்டது கல்லில் இருக்கிறது. சிங்கம்புணரிக்குப் பக்கத்துத் திருக்களக்குடியில் ஒரு கல்வெட்டு. துருக்கர் காலமாய்ப் போயிற்று, கம்பண உடையார் வந்து அதை முடித்து, ஆட்சியை ஒழுங்குபடுத்தி, கோயில் காரியங்களைக் கண்காணிக்க ஆட்களை அமர்த்தினார் என்பது சாரம். அதில் வாளும் தேவதையும் இல்லை. கோயில் நிலத்துக்குக் குடிமை சரியாக நடக்க வேண்டும் என்ற கவலை மட்டும் இருக்கிறது. வயலும் கண்மாயும் வைத்திருந்தவர்களின் குரல் அது. எனக்கு அந்தக் கல்வெட்டு காவியத்துக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை.

மதுரா விஜயம் திருவனந்தபுரத்தில் அரிகர சாஸ்திரி, ஸ்ரீநிவாச சாஸ்திரி பதிப்பாக அச்சேறியது. 1921-இல் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் தென்னாட்டு முஸ்லிம் படையெடுப்புகள் பற்றி எழுதிய நூலில் இபின் பதூதா, கோயிலொழுகு, கல்வெட்டு, காவியம் எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பினார். 1957-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் திருவேங்கடாச்சாரியின் விரிவான பதிப்பை வெளியிட்டது. இப்படித்தான் அந்த ஐம்பது வருடம் நமக்குத் திரும்பக் கிடைத்தது.

இன்று ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய ஏட்டை மட்டும் உருவிக்கொண்டு வருகிறார்கள். சிலர் கங்காதேவியைப் பிடித்துக்கொண்டு, அவர் எதிரிக்குக் கொடுத்த மரியாதையை விட்டுவிடுகிறார்கள். சிலர் காவியம்தானே என்று அவரைத் தள்ளிவிட்டு, இபின் பதூதா கண்டதையும் பேசுவதில்லை. வைகையின் வடகரையில் கோரிப்பாளையம் தர்கா இருக்கிறது. சுல்தான் அலாவுதீன், சம்சுதீன் இருவரும் அங்கே அடங்கியிருப்பதாக மரபு. கோர் என்றால் பாரசீகத்தில் கல்லறை, ஊர்ப்பெயரே அதிலிருந்து வந்தது. அங்கே கயிறு கட்ட வருகிறவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. பாலத்தைத் தாண்டினால் மீனாட்சி. இந்த ஊர் இரண்டையும் வைத்துக்கொண்டுதான் 650 வருடம் நடந்திருக்கிறது. நடந்த கொடுமையை மறைக்காமலும், இல்லாததைச் சேர்க்காமலும் சொல்லும் தெம்பு நமக்கு இருக்க வேண்டும். தன் சகலையின் கொடுமையைச் சொன்ன இபின் பதூதாவுக்கும், கணவரின் எதிரியை வீரன் என்ற கங்காதேவிக்கும் அது இருந்தது.

ஒரு வேண்டுகோள். காணாமல் போன சருக்கம் இன்னும் கிடைக்கவில்லை. அது எங்காவது ஒரு பரணில், ஜாதகக் குறிப்புக்கும் வைத்திய ஏட்டுக்கும் நடுவில், ஒரே கயிற்றில் கோத்துக் கிடக்கலாம். உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ சுவடிக்கட்டு இருந்தால் போகிக்குத் தீயில் போடாதீர்கள், ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் விடாதீர்கள். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ, தஞ்சை சரசுவதி மகாலுக்கோ, மதுரைத் தமிழ்ச் சங்கத்துக்கோ கொண்டுபோய்க் காட்டுங்கள். காட்டும்போது, முதல் ஏட்டை மட்டும் பார்த்துப் பெயர் எழுதிவிட வேண்டாம், கயிற்றை அவிழ்த்து நடுவில் இருப்பதையும் பாருங்கள் என்று சொல்லுங்கள்.